அம்மா குடித்த இரண்டு கிளாஸ்

ரோஜா நிறத்தில், ஆவி பறக்கக் கண்ணாடி கிளாஸில் வந்து நின்ற அந்த வெந்நீரில் மரக்கட்டை ஊறிய லேசான மணம் இருந்தது. திருவனந்தபுரம் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்திலிருந்த சைவ ஓட்டலில், என் ஒன்பதாவது வயதில், வெளிச்சாப்பாட்டின் முதல் மணமாக நான் அறிந்தது அதைத்தான். "பதிமுகம்" என்கிற மருந்துக்கட்டை போட்ட தண்ணீர், உடம்புக்கு நல்லது என்று அப்பா விளக்கியதும், ஓட்டலில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்றிருந்த அம்மா அதை முழுக்கக் குடித்து இன்னொரு கிளாஸும் கேட்டாள்.

பூதப்பாண்டிப் பக்கத்து வயற்காட்டு ஊர் எங்களுடையது. முட்டை வாங்கிய கைகூட வாசல் தாண்டாத சைவ வீடு. எங்கே போனாலும் வாழையிலையில் புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு போகிற அம்மாவுக்கு ஓட்டல் என்றாலே "கண்டவன் கை பட்டது". அப்பாவோ, தக்கலையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர், நாக்கு நீளமான மனிதர். மாதக்கணக்கில் அவர் கெஞ்சிய பிறகுதான் அம்மா இறங்கி வந்தாள், அதுவும் ஒரு நிபந்தனையோடு: "என்னைக்காவது வேண்டாதது ஒண்ணு என் வாயில பட்டுதுண்ணா, அத்தோட இந்தப் போக்கு நின்னு போச்சு." அப்பா சாமி படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

அப்படித்தான் மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்கு வாய்த்தது. மசால்தோசைக்குள் சிவந்து கிடந்த பீட்ரூட்டை அம்மா விரலால் கிளறிக் கிளறிச் சோதித்துவிட்டு, கடைசியில் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றாள். ஆப்பமும் கடலைக்கறியும், போளியின் மேல் பாயசம் ஊற்றித் தின்கிற அதிசயமும் அந்த ஞாயிறுகளில் கிடைத்தவைதான். திங்கட்கிழமையே அடுத்த ஞாயிற்றை எண்ணத் தொடங்கிவிடுவேன்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அப்பாவோடு வேலை பார்த்த செல்வராஜ் மாமா எங்களைப் புதுக்கடை என்ற ஊரிலிருந்த தன் வீட்டுக்கு அழைத்தார். எங்களுக்கென்றே அவர் மனைவி புதுப்பானை வாங்கி, மரச்சீனிக் கிழங்கும் அவியலும் தனியாகச் சமைத்திருந்தார். அவர்கள் மகள் ஷீபா என்னை உள்ளே கூட்டிப்போய், துணியால் வாய் கட்டிய பெரிய பீங்கான் பரணியைக் காட்டினாள். திராட்சையும் சீனியும் போட்டு இரண்டு மாதமாக மூடி வைத்த வைன் அது என்றாள். துணியைத் தூக்கி மோந்து பார்த்தேன்; மூக்குக்குள் சுர்ரென்று ஏறியது.

ஆண்கள் முன்னறையிலும் பெண்கள் அடுக்களைப் பக்கத்திலும் உட்கார்ந்தோம். அந்த அத்தை ஒரு தட்டில் கேக்கையும் கிளாஸில் சிவப்பாக ஒன்றையும் வைத்து, குடியுங்கள் என்று உபசரித்துவிட்டு அப்பளம் பொரிக்கப் போனார். முட்டை இருக்குமே என்று அம்மா கேக்கைத் தள்ளி வைத்தாள். கிளாஸை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, என் காதில், "பதிமுகத்தக் கொஞ்சம் கூடுதலா போட்டுட்டா போல," என்றாள்.

அவள் மூச்சில் அதே சுர்ரென்ற நெடி அடித்தது. அது பரணியிலிருந்து வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் சத்தியம் முறிந்துவிடும், அடுத்த மாதம் போவதாக இருந்த கொல்லம் போய்விடும், போளியும் ஆப்பமும் எல்லாம் போய்விடும். சொல்லாவிட்டால் பெற்ற தாய்க்குச் செய்கிற துரோகம். வாயை மூடிக்கொண்டேன். அம்மா கிளாஸைக் காலி செய்து, இன்னொன்றும் வாங்கிக் குடித்தாள்.

திரும்பி வரும்போது, ஊர் பார்க்க, பட்டப்பகலில், பஸ்ஸில் அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவள் அப்படிச் சாய்ந்து நான் பார்த்ததே இல்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா பயந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார். நான் பல வருடம் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் இதற்காகவே தனியாக ஒரு தோப்புக்கரணம் போட்டிருக்கிறேன்.

கொல்லம் போனோம், ஆலப்புழை போனோம், மதுரைகூடப் போனோம். அப்பா காலமாகி ஆறு வருடமாகிறது. திருவனந்தபுரம் சந்தில் அந்தச் சைவ ஓட்டல் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. எழுபத்தைந்து வயது அம்மாவைப் போன மாதம் நாகர்கோவிலில் புதிதாக வந்த ஓர் ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். திராட்சைச் சாறு ஒரு வாய் குடித்துவிட்டு, செல்வராஜ் வீட்டில் கொடுத்தது இதைவிட நன்றாக இருந்தது என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் புரையேறிவிட்டது. அது வைன் என்று அப்போதே தெரியுமா என்று கேட்டேன்.

"ரெண்டாவது மடக்குலயே தெரிஞ்சு போச்சு. நீ முழிச்ச முழியும் பார்த்தேன். சொன்னா, அத்தோட போக்கு நின்னிருக்கும்லா?"

என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மீதியையும் குடித்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம் உங்கப்பா. கடைசி வரைக்கும், என்னைக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போறதா நெனச்சிட்டிருந்தாரு."