குற்றம் வைத்துத் தைத்த கோட்டு

என் தந்தைக்கு ஒரு பொருளை வாங்கிக் கொடுத்து, அதை அவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளக் கண்டவர் எங்கள் வீட்டில் எவரும் இல்லை. அவர் கடுமையானவர் அல்லர். குரலை உயர்த்திப் பேசியதாகக்கூட எனக்கு நினைவில்லை. கொடுத்த பொருளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதிலுள்ள குறையைக் கண்டுபிடிப்பார். ஏதோ தகவல் சொல்வதைப்போல் அதைச் சொல்லிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். நான் ஆசிரியை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வாங்கி வந்த குடையின் பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடுத்த வருஷத்துப் பேனாவில் மை தேவைக்கு மேல் இறங்கியது. அதற்கடுத்த வருஷத்துச் சால்வையின் இரு கரைகளும் ஒரே அகலமாக இல்லை. அடிக்கோல் வைத்து அளந்தே காட்டினார். அவர் சொன்னது ஒவ்வொரு முறையும் உண்மையாக இருந்ததுதான் எனக்கு வருத்தம்.

"உங்க நைனாவுக்குப் புடிச்சது ஒண்ணே ஒண்ணுதான்," என்பாள் அம்மா. "குத்தம். அத எந்தக் கடையிலயும் வாங்க முடியாது. அவரே தேடிக்குவாரு."

தந்தையை நாங்கள் நைனா என்றே அழைப்போம். அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகள், பிறர் எழுதிய கோப்புகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு அந்தப் பழக்கத்துக்கு ஒரே ஓர் இடம் மிஞ்சியது. மயிலாப்பூரில் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு வாசகசாலை இருந்தது. ஞாயிறு மாலைகளில் அங்கே இலக்கியச் சொற்பொழிவு நடக்கும். கழுத்து மூடிய கறுப்பு அல்பாகாக் கம்பளித் துணிக் கோட்டு அணிந்து, தலைப்பாகை வைத்து, இரண்டாம் வரிசையின் ஓரத்தில் போய் உட்காருவார். பேச்சு முடிந்ததும் வலக்கையை உயர்த்தி, "ஒரு சிறு விளக்கம் வேண்டும்" என்பார். அந்த நான்கு சொற்களைக் கேட்டதும் மேடையில் இருப்பவர் தண்ணீர்க் குவளையைத் தேடுவார். சிறு வயது முதல் நானும் உடன் போவேன். நான் படித்தவற்றுள் பாதி, அந்தச் சிறு விளக்கங்களின் வால் பிடித்துக்கொண்டு படித்தவை.

யுத்தத்தின் கடைசி வருஷங்களில் அவர் போவதை நிறுத்திவிட்டார்.

"இப்பப் பேச வர்றவங்களுக்கு ஒண்ணும் தெரியறதில்ல," என்றார். அவர் சொல்லக்கூடிய வார்த்தைதான் என்பதால் நாங்களும் அதை நம்பினோம். ஞாயிறு மாலைகளில் மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மடியில் புத்தகம் இருக்கும், பக்கம் புரளாது. ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. வாசகசாலைக் காரியதரிசி என்னை வழியில் கண்டு, "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தபோதுதான், நாங்கள் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

புரட்டாசியில் ஒரு வெயில் நாள், பெட்டித் துணிகளை உலர்த்தியபோது அந்தக் கோட்டைக் கையில் எடுத்தேன். முழங்கையில் கறுப்பு நூலால் இழை ஓட்டியிருந்தது. அம்மாவின் தையல் அன்று, அவரே செய்துகொண்டது. அக்குளில் கறுப்பு வெளுத்துப் பாசி நிறமாகியிருந்தது. கைவிளிம்பில் பிரிந்து வெளியே தெரிந்த வெள்ளை நூல்களின்மேல் பேனா மையைத் தடவி மறைத்திருந்தார். மை ஒவ்வோர் இழையிலும் தனித்தனியாகத் தடவப்பட்டிருந்தது. இவ்வளவு செய்துகொண்டு சில ஞாயிறுகள் போயிருக்கிறார். பிறகு கையை உயர்த்துவது முடியாமல் போயிருக்கிறது. பேச வருகிறவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். கோட்டு தைக்கலாம் என்றால், வேலையில்லாதவனுக்குக் கோட்டு எதற்கு என்பார். ஆகவே, அவருக்குத் தெரியாமல் தைத்துத் தீபாவளிப் புதுத்துணியாகக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

துணி கிடைப்பதே அரிதாயிருந்த காலம். தி. நகரில் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். மவுண்ட் ரோட்டில் ஒரு கடைக்காரர் அடித்தட்டிலிருந்து கறுப்பு அல்பாகாத் துண்டு ஒன்றை எடுத்துப் போட்டார். அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தபடி கச்சேரி ரோட்டுக்குப் போனேன். அங்கே இருந்த தையல்கார பாய்தான் இருபது வருஷமாக நைனாவுக்குத் தைத்துக் கொடுப்பவர்.

"நைனாவுக்கா? எனக்குத் தெரியாதுன்ட்டு சொல்லிடு பாப்பா," என்றார் அவர், வாயில் நூலைக் கடித்தபடி. எனக்கு வயது இருபத்தாறு. அவருக்கு நான் பாப்பாதான். "அளவு எடுக்காம அவருக்குக் கோட்டா? என் தலைய இல்ல எடுப்பாரு."

"பழைய அளவு உங்க நோட்டுல இருக்குமே பாய்?"

"அது ஒதவாது. காலைல குளத்தாண்ட நடந்து போறாரே, நா இங்க ஒக்காந்துக்கினு பாத்துக்கினுதானே கீறேன். எடது தோளு எறங்கிடுச்சு. ஒடம்பும் வத்திப் போச்சு." துணியை விரித்துத் தடவிப் பார்த்தார். "கண்ணாலயே எடுத்துக்கறேன். நீ போ."

ஒரே வீட்டில் இருந்த நான் அந்தத் தோளைக் கவனித்திருக்கவில்லை. திரும்பிப் போகக் கால் எழாமல் நின்றேன். நான் பயந்து நிற்பதாக அவர் எண்ணிக்கொண்டார்.

"பயப்படாத. குத்தம் சொல்றவங்களுக்கு ஒரு குத்தம் வெச்சுத்தான் தெக்கணும். இல்லாங்காட்டி அவங்களே தேடிக்கினு எங்கனா ஆழத்துல பூந்துடுவாங்க. வலது கைய அர இஞ்சு நீளமா உட்டுடறேன். போட்டதும் கண்ணுல படும். 'பாய், கை நீளம்'னு எம்மேல பாய வருவாரு. ரெண்டே நிமிசத்துல மடிச்சுக் குடுத்துடுவேன். அப்பால அது அவரு சொல்லி நா சரி பண்ண கோட்டு. கயட்டவே மாட்டாரு. இருவது வருசமா இதான் நடக்குது."

தீபாவளி விடிந்ததும், கழுத்துப் பட்டையின் உட்புறம் மஞ்சள் தடவி, கோட்டை அவரிடம் கொடுத்தேன். ஜன்னலருகே கொண்டுபோனார். தோளைப் பார்த்தார், பித்தான்களைப் பார்த்தார், உள்துணியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு போட்டுக்கொண்டார். வலது கை மணிக்கட்டைத் தாண்டி இறங்கி நின்றது. அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நல்லா இருக்குதும்மா," என்றார்.

அவ்வளவுதான். அம்மா கரண்டியோடு உள்ளே போய், "ஒடம்பு சரியில்லையா இவருக்கு?" என்று அடுப்பிடம் கேட்டாள்.

அந்த ஞாயிறு அவர் வாசகசாலைக்கு வந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது, பேச்சு முடியும்வரை. அன்று பேசியவர் ஒரு பழைய அரசனுடைய காலத்தை நூறு வருஷம் முன்னே தள்ளிவிட்டார். முன்வரிசைகளில் நாலைந்து தலைகள் நைனாவின் பக்கம் திரும்பின. அவர் வலக்கையை இடக்கையால் மூடி மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரும்பி வருகையில், "நல்லாப் பேசினாரு," என்றார். அடுத்த ஞாயிறும் கை எழவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பிழை சொல்லாத நைனாவோடு தெருவில் நடப்பது, முன்பின் அறியாத ஒரு பெரியவரோடு நடப்பதைப்போல் இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த கோட்டு அவரை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்து, ஓரிடத்தில் வாயைக் கட்டி உட்கார வைத்துவிட்டது.

பாய் என்னைக் கடை வாசலிலேயே மடக்கினார். "இன்னா பாப்பா, வரவே இல்லியே! அந்தக் கையோட கோயில் தெரு பூரா சுத்திக்கினு கீறாரு. பாக்கறவன் இன்னா நெனப்பான்? பாய்க்குக் கண்ணு போயிடுச்சும்பான். நீயாவது சொல்லேன்!"

சொல்வது எளிதாக இல்லை. வாழ்நாளில் முதன்முறையாக நான் கொடுத்த ஒன்றை அவர் நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருந்தார். அதை நானே பொய்யென்று காட்டினால், இனி ஒருபோதும் அந்தச் சொல் எனக்குக் கிடைக்காது. மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் மாலை லஸ் பக்கம் நைனாவோடு காய்கறி வாங்கித் திரும்பும்போது, நடையை நிறுத்தாமலே சொல்லிவிட்டேன்.

"நைனா, அந்தக் கோட்டுக் கை அரை அங்குலம் நீளம். பாய் வேணும்னே அப்படி வெச்சாரு."

"தெரியும்," என்றார். "இருபது வருஷமா எனக்குப் பண்றானே. ஒவ்வொரு கோட்டுக்கும் வலது கை. ஒரு தடவையாவது இடது கைக்கு மாத்தக் கூடாதா? அதுவும் தோணல அவனுக்கு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

கத்தரிக்காய்ப் பையைக் கை மாற்றிக்கொண்டார். "நீ நின்ன நிலை அப்படி. பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி நின்னே. குடை, பேனா, சால்வை... போதும்னு தோணுச்சு."

"சரி, வாசகசாலையில ஏன் ஒரு விளக்கம்கூடக் கேக்கல?"

"கையத் தூக்கினா அந்த நீளந்தான் எல்லார் கண்ணுலயும் படும்மா. இரவல் கோட்டு மாதிரி இருக்குது." சட்டென்று நின்றார். அவர் முகத்தில் நான் வெகுநாளாகக் காணாத ஓர் உற்சாகம் வந்தது. "கை போனாப் போவுது. காலரப் பாத்தியா நீ? பின்னால ஒரு நூல் அளவு தூக்கிக்கினு நிக்குது. மூணாம் பித்தான் வரிசையில இல்ல. உள்துணி இடுப்புக்கிட்ட இழுக்குது. அத்தனையும் வாயில வெச்சுக்கினு மூணு வாரமா இருக்கேன்!"

வீடு வரும்வரை அந்தக் கோட்டைப் பற்றியே பேசினார்.

ஞாயிறு பிற்பகல் இருவருமாகப் பாயின் கடைக்குப் போனோம். பாய் வலக்கையைப் பிரித்து மடித்துத் தைத்துக் கொடுத்தார். சொன்னபடி இரண்டே நிமிஷம். பித்தானையும் மாற்றினார். உள்துணியையும் தளர்த்தினார். காலர் என்றதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"காலர்ல கைய வெக்க மாட்டேன் ஐயா. காலர் சரியாத்தான் கீது."

"பின்னால தூக்குது பாய்."

"தூக்கல. நீங்க கழுத்த முன்னால நீட்டிக்கினு நடக்குறீங்க."

"கழுத்து என்னுது. எனக்குத் தெரியாதா?"

"பாக்குற கண்ணு என்னுது. எனக்குத் தெரியாதா?"

அரைமணி நேரம் இது நடந்தது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. வாசகசாலைக்கு நேரமாகிவிட்டதென்று நான்தான் நைனாவை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அன்று பேசியவர் இளைஞர், நல்ல படிப்பாளி. ஓரிடத்தில் மட்டும் தவறினார். பேச்சு முடிந்தது. கறுப்புக் கை ஒன்று உயர்ந்தது. துணி மணிக்கட்டில் நின்றது. "ஒரு சிறு விளக்கம் வேண்டும்," என்றார் நைனா. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இளைஞர் தண்ணீரைத் தேடினார். விளக்கம் சிறிதாக முடியவில்லை.

வெளியே வரும்போது காரியதரிசி வாசலில் வழிமறித்து, "கோட்டு புதுசு போல இருக்கே!" என்றார்.

"ஆமா," என்றார் நைனா, தோளை ஒரு தரம் நிமிர்த்திக்கொண்டு. "காலர் சரியில்ல. என் பொண்ணு தச்சுக் குடுத்தா."

படியிறங்கிய இன்னும் இரண்டு பேரை நிறுத்தி, அவர்கள் கேட்காமலே, அவர்களிடமும் அதைச் சொன்னார்.