படுக்கிற வண்டி

பொய் சொன்னேன். தெரிந்தே, நிதானமாக, பட்டப்பகலில், ஸ்ரீரங்கத்தில் ஒரு வாழை மண்டி வாசலில் நின்றுகொண்டு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு குழந்தை செத்தது!

அந்தக் குழந்தையின் தகப்பனார் அது தன்னுடைய தவறு என்று நினைத்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார். நினைக்கட்டும் என்று விட்டவனும் நான்தான்.

பிள்ளைகளே, நீங்கள் மூவரும் இதைப் படிக்க வேண்டும். முக்கியமாக நீ படி, செல்வி.

நேற்று உன்னை அடித்தேன். ஒழுகுகிற பேனா என்று தெரிந்தே அதைக் கூடப் படிக்கிற பெண்ணுக்கு விற்றுவிட்டாய். ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவ கேக்கலைப்பா, நான் சொல்லலை" என்றாய். அவ்வளவுதான்... என் கை உன் கன்னத்தில் விழுந்தது. "ஒரு பேனாவுக்கா புள்ளைய இப்படி அடிப்பாங்க? உங்களுக்கு என்ன பேய் புடிச்சிருக்கா?" என்று உன் அம்மா கத்தினாள்.

பேனாவுக்காக அடிக்கவில்லை, செல்வி. நீயாவது கேட்காததால் சொல்லவில்லை. என்னைக் கேட்டார்கள்! முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள்!

நீ சின்னக் குழந்தையாக இருந்தபோது திருச்சிக்கு வெளியே ஒரு பெரிய தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. இயந்திரம் பூட்ட வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் வாட்ஸ்லாவ், செக் நாட்டுக்காரர். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. கடைவீதி அவரை வாசு துரை ஆக்கிவிட்டது. "துரை வேண்டாம். நான் இரும்பு வேலைக்காரன்" என்பார். அவரும் மனைவியும் எடமலைப்பட்டி புதூரில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அந்த அம்மாள் கர்ப்பமாக இருந்தார். ஆஸ்பத்திரி டவுனுக்குள் இருந்தது. அதற்காகத்தான் கார் வேண்டும் என்றார். எட்டாம் வகுப்புப் படிப்பும், பங்களாக்களில் வண்டி ஓட்டிப் பொறுக்கிய கொஞ்சம் இங்கிலீஷும் எனக்கு இருந்ததால் என்னை டிரைவராக வைத்துக்கொண்டார். வண்டி வருவதற்கு முன்பே வந்த டிரைவர் நான்!

கார் எங்கே கிடைத்தது? புதுக் காருக்குப் பதிவு செய்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் பழைய கார் புதுக் காரைவிட அதிக விலைக்குப் போன காலம் அது. வாங்க வந்தவன் வெள்ளைத்தோல் என்றால் நின்ற நிலையிலேயே விலை ஏறும். தென்னூரில் ஒருவர் காட்டிய காரின் கதவு, திறந்தால் கையோடு வந்தது. "துரையா கதவைத் தொறக்கப் போறாரு? நீங்கதானே தொறந்து விடுவீங்க! உங்களுக்குப் பழகிடும்" என்றார் அந்த மனுஷர். வாசு துரை வெள்ளைச் சட்டையோடு மண்ணில் படுத்து அடியில் பார்ப்பார். எழுந்து தலையை அசைப்பார். மூன்று கார்கள் அப்படிப் போயின. அந்த அம்மாளுக்கு மாதம் ஏறிக்கொண்டே இருந்தது.

நாலாவது கார் ஸ்ரீரங்கத்து மண்டிக்காரருடையது. பளபளவென்று கறுப்பாக, சீமையில் செய்த சின்னக் கார்.

உங்கள் தாத்தா லால்குடிப் பக்கம் மாட்டுத் தரகர் என்பது உங்களுக்குத் தெரியும். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டை மேலே போட்டு, அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். மண்டிக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"உங்கப்பாகிட்ட நாலு ஜோடி மாடு வாங்கியிருக்கேன். அவரு புள்ளை காருக்குத் தரகு பாக்குதா? குடு கையை!"

தோள் துண்டை உதறி எங்கள் கைமேல் போட்டார். விலை படிந்தது. என் தரகும் படிந்தது. இரண்டு ஆண்பிள்ளைகள் துணிக்கு அடியில் கைகோத்து நிற்பதைப் பார்த்த வாசு துரை, "இது பூஜையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சந்தையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விலை படிந்த பிறகு, கயிறு கைமாறும் முன், வாங்குகிறவன் கேட்பான்: முட்டுமா? உதைக்குமா? படுக்குமா? அந்தக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்லக்கூடாது. உங்கள் தாத்தா குடித்திருக்கிறார், சீட்டாடியிருக்கிறார், வீட்டுப் பாத்திரத்தை விற்றிருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பொய் சொன்னதே இல்லை.

எங்கள் வழக்கம் எதுவும் தெரியாத அந்த மனிதர் அதே நேரத்தில், அதே கேள்வியைக் கேட்டார்! "இந்த வண்டிக்கு ஏதாவது நோய் உண்டா? அவரிடம் கேள்."

கேட்டேன். மண்டிக்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"படுக்கும் தம்பி. ஓடுற வரைக்கும் ராஜாதான். வெயில்ல ஓட்டிட்டு நிறுத்துனா அரை மணி நேரம் எந்திரிக்காது. எத்தனையோ மெக்கானிக் பாத்தாச்சு. சொல்லிடு அவருகிட்ட. கேட்டுட்டாரு, மறைச்சா பாவம்."

விற்கிறவர் உண்மையைச் சொன்னார்! நடுவில் நின்ற நான் இங்கிலீஷில் சொன்னேன்: "ஒரு குறையும் இல்லை என்கிறார், சார்."

வாசு துரை முகம் மலர்ந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இங்கிலீஷ் தெரியாத மண்டிக்காரர் அசந்துபோனார். "தெரிஞ்சும் வாங்குறாரு பாருய்யா! பெரிய மனசு!" என்றார். அதையும் நான் மொழிபெயர்க்கவில்லை.

ஏன் செய்தேன்? இதுவும் வேண்டாம் என்று அவர் எழுந்துவிட்டால் தரகு போய்விடுமே என்றா? ஆமாம். உனக்குக் காதுகுத்து வைத்திருந்தோம், செல்வி. தோடு வாங்க வேண்டும். அந்தத் தோடுதான் இன்றும் உன் காதில் இருக்கிறது. உன்மேல் பழி போடவில்லை. உனக்கு மூன்று வயது, உனக்கு என்ன தெரியும்? பித்தளையில் போட்டிருந்தாலும் சிரித்திருப்பாய்!

"வெள்ளைக்காரன்தானே, நம்மளச் சுரண்டினவன்தானே" என்று டாக்ஸி ஸ்டாண்டில் டிரைவர்கள் பேசுவார்கள். நானும் அதைச் சொல்லி என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். எவ்வளவு அயோக்கியத்தனம்! அவருடைய ஊரையே வேற்று நாட்டான் வந்து மிதித்துவிட்டுப் போன கதையை அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தேவைப்பட்டபோது நினைவுக்கு வரவில்லை...

நான்தானே ஓட்டப்போகிறேன், சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சமாளிக்கவும் செய்தேன். கடைவாசலில் "நான் வண்டியிலேயே இருக்கேன் சார், போய் வாங்க" என்று சொல்லி, அவர் உள்ளே போனதும் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் நிழல் தேடி, ஈரச் சாக்கை இன்ஜின் மூடிமேல் போடுவேன். "நீ வண்டிக்கு டாக்டர்" என்று அவர் மெச்சினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது! அந்தக் குறை இருக்கிறவரை என் வேலைக்கு ஆபத்தில்லை என்று கணக்குப் போட்ட நாளும் உண்டு. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

சித்திரை மாதம் லால்குடியில் காதுகுத்து. பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். லீவு கேட்டேன். "போய் வா, குழந்தைதான் முதல்" என்றார் வாசு துரை.

அன்று உச்சி வெயிலில் அந்த அம்மாளுக்கு வலி எடுத்துவிட்டது.

அவரே காரை எடுத்திருக்கிறார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நீளமான கூட்ஸ் வண்டி. வலியில் துடிக்கிற மனைவிக்குக் காரின் புகை நாற்றம் பொறுக்கவில்லை. நல்ல புருஷன் என்ன செய்வான்? இன்ஜினை நிறுத்தினார்...

கேட் திறந்தது. கார் படுத்துவிட்டது.

கேட்காரர் பிறகு என்னிடம் சொன்னார். "நாங்க எட்டு பேரு தள்ளினோங்க. அசையுது, ஆனா உசிரு வரலை. அந்தத் துரை ஸ்டியரிங்கைப் புடிச்சிக்கிட்டு அவங்க பாஷையில ஏதோ கெஞ்சுறாரு. வண்டிகிட்டயா, சாமிகிட்டயான்னு தெரியலை." கடைசியில் ஒரு குதிரை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். தாய் பிழைத்தார். பிறந்த ஆண் குழந்தை அழவேயில்லை. "அரை மணி முன்னால வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் நர்ஸ். அரை மணி!

மறுநாள் உன் காதுகுத்துத் தாம்பூலப் பையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீ இருந்திருந்தால் வண்டி நின்றிருக்காது. பதற்றத்தில் நான் ஏதோ தவறு செய்துவிட்டேன். என்ன செய்தேன்? சொல்."

மறுபடியும் கேட்டார்! இந்தத் தடவை விலை இல்லை, தரகு இல்லை. உண்மையைச் சொன்னால் அவர் நெஞ்சிலிருந்து ஒரு மலையே இறங்கியிருக்கும். வேலை போயிருக்கும், அடித்திருப்பார், அடிக்கட்டுமே!

"தெரியலை, சார்" என்றேன்.

முதல் பொய்க்காவது ஆசை என்று பெயர் சொல்லலாம். இதற்கு என்ன பெயர்? பெற்றவன் தலையிலேயே பிள்ளையின் சாவை ஏற்றிவைத்துவிட்டு, அவருக்கு டீ வாங்கி வந்து கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிக் குடித்தார்!

சில மாதங்களில் அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். விலாசம் எழுதிக் கொடுத்தார். நான் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அந்தக் காகிதத்தையும் நானேதான் கிழித்தேன். தொலைந்துவிட்டது என்று உங்களிடமும் பொய் சொல்லமாட்டேன்.

என்னை மன்னியுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. நீங்கள் மன்னிக்கவும் கூடாது. அந்த உரிமை உங்களுடையது அல்ல.

மண்டிக்காரர் இன்னும் இருக்கிறார். கார்ப் பேச்சு வந்தால் போதும், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்வார். "படுக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேங்க. அந்த வெள்ளைக்காரர் கேக்கலை. கையைக் குலுக்கி வாங்கிட்டுப் போனாரு. பெத்த புள்ளையையே பறிகொடுத்துட்டாரு, பாவம்! தம்பிதான் சாட்சி. என்ன தம்பி?"

போன வாரமும் கேட்டார். "ஆமாங்க" என்றேன்.