இல்லாத உத்தரவு

காயில்காரியைப் பற்றி எழுத எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். அவளைப் பற்றி எழுத வேறு யாரும் வரப்போவதில்லை. எங்கள் ஒர்க்ஷாப்பைப் பற்றித் தொழில் சங்க மலரில் இரண்டு பக்கம் போட்டபோதுகூட என் படம்தான் வந்தது. படத்துக்குக் கீழே ‘இத்தொழிலில் ஒரே பெண் மேலாளர்’ என்று அச்சடித்திருந்தார்கள். அந்த ‘ஒரே’யை நான் எத்தனை முறை எடுத்துப் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே உடம்பு கூசுகிறது.

எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தருவது எங்கள் தொழில். பழைய கம்பியை உருவி, காகிதம் வைத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி, ஓவனில் வாட்டி, சோதனை அறையில் ஓட்டிப் பார்த்து அனுப்ப வேண்டும். பகலில் காயில் கட்டுவது நான்கு பெண்கள். மற்ற வேலையும் இரண்டாவது ஷிப்டும் எல்லாம் ஆண்கள். அவர்களுக்கு மேலே நான், எனக்கு மேலே முதலாளி.

காயில்காரி பத்தொன்பது வயதில் காகிதம் வெட்டுகிற வேலைக்கு வந்தாள். நான் அப்போது சோதனை அறையில் டெஸ்டர். யாரும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தொழில் கற்றுக் கொடுக்கவில்லை. காகிதம் கொடுக்கிற சாக்கில் நின்று பார்த்தாள், சாப்பாட்டு நேரத்தில் கழிவுக் கம்பியை எடுத்துச் சுற்றிப் பார்த்தாள், ஒன்றரை வருஷத்தில் மற்றவர்கள் அவளிடம் கேட்க ஆரம்பித்தார்கள். எரிந்த மோட்டாரைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்தால் போதும், எதனால் போச்சு என்று சொல்லிவிடுவாள். மோட்டாரோடு பேசவும் செய்வாள். “ஏன்டா இப்படிக் கருகி வந்திருக்கே? தாங்காத பாரத்தை ஏத்தினா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?” என்பாள். சரக்கு வேன் ஓட்டுகிற அவள் கணவர் ஒருநாள் அவளை அழைத்துப் போக வந்தவர் அதைக் கேட்டுவிட்டு, “இதுல பாதிப் பேச்சு என்கிட்ட பேசினா நான் ஏன் ரோட்டுல கிடக்கிறேன்?” என்றார். ஒர்க்ஷாப்பே சிரித்தது. அவள் தலை நிமிரவில்லை. “உங்களுக்கு வார்னிஷ் போட்டாலும் தேறாது” என்றாள்.

காயில் பிரிவுக்கு ஒரு இன்சார்ஜ் இருந்தார். தங்கமான மனிதர். ஆனால் சிக்கலான மோட்டார் வந்தால் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிடுவார். கண்ணாடி கிடைப்பதற்குள் காயில்காரி பிரித்துப் பார்த்து விஷயத்தைச் சொல்லியிருப்பாள். இருபது வருஷம் இப்படியே ஓடியது. அவர் ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்ததும், அந்த இடத்துக்கு அவள் விண்ணப்பம் எழுதினாள். எங்கள் ஒர்க்ஷாப்பில் எனக்கு அப்புறம் ஒரு பெண் எழுதிய முதல் விண்ணப்பம் அது.

இப்போது கழிப்பறைக்கு வருகிறேன். முகம் சுளிக்க வேண்டாம், என் வெட்கக்கேடு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பெண்களுக்கான கழிப்பறை முற்றத்துக்கு அந்தப் பக்கம், ஆபீஸ் கட்டடத்துக்குள். ஐந்து மணிக்கு ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். பகல் ஷிப்ட் பெண்களுக்கு அது போதும். இன்சார்ஜ் ஆனால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரண்டாவது ஷிப்ட் பார்க்க வேண்டும், மத்தியானம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. நான் டெஸ்டிங் இன்சார்ஜ் ஆனபோது இரண்டு வருஷம் அப்படிப் பார்த்தேன். ஐந்து மணிக்கு மேல் போக இடம் கிடையாது. அடக்கி அடக்கி, சிறுநீரகத்தில் கிருமி ஏறி, இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் அம்மா வேலையை விடு என்றார். நான் விடவில்லை. கத்தினேன், கடிதம் எழுதினேன், கடைசியில் சோதனை அறைக்குப் பின்னால் துடைப்பம் வைக்கிற இடத்தை எனக்குக் கழிப்பறையாக்கித் தந்தார்கள். இரண்டு ஆள் சேர்ந்தாற்போல் நிற்க முடியாத இடம். எலி வளையானாலும் தனி வளை என்று அன்றைக்கு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அதற்கு ஒரு பூட்டு வாங்கினேன். நானேதான் வாங்கினேன்.

பூட்டியது தப்பில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். ஒருமுறை அவசர வேலை, பெண்கள் ஏழு மணி வரை இருக்க வேண்டி வந்தது. காயில்காரி வந்து, “அக்கா, அந்தச் சாவியக் கொஞ்சம் குடுக்கிறீங்களா?” என்று கேட்டாள். “எனக்கு மட்டும்தான்னு ஆபீஸ் உத்தரவும்மா” என்றேன். அப்படி ஒரு உத்தரவு கிடையாது. யோசித்துச் சொன்ன பொய்யும் இல்லை, வாயில் வந்தது. ஆனால் சொன்ன பிறகு அதுவே சட்டமாகிவிட்டது. பதினாறு வருஷம் அந்தச் சாவி என் இடுப்பில் இருந்தது. யாரும் மறுபடி கேட்கவில்லை. நடக்கும்போது அது கிணுகிணுக்கும், அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

விண்ணப்பம் முதலாளி மேஜைக்கு வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டார். முதலாளிமேல் பழி போட்டுவிட்டுத் தப்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது இதுதான்.

“ஆளு எப்படிம்மா?” என்றார்.

“வேலையில குறையே சொல்ல முடியாது சார்.”

“அப்புறம் என்ன, போட்டுடலாமா? நீங்க சொன்னா எனக்குச் சரி.”

நான் ‘சரி’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் சொன்னது இது: “ரெண்டாவது ஷிப்ட்ல பொம்பளைங்களுக்கு வசதி இல்லையே சார். நாளைக்கு ஒண்ணுன்னா நமக்குத்தான் கெட்ட பேரு.”

அப்போதும் சாவி இடுப்பில் இருந்தது. சோதனை அறைக்குப் பின்னால் ஒரு கதவு இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அவருக்கு அது எதற்கு ஞாபகம் இருக்க வேண்டும்? “அதுவும் சரிதான். ஒரு பொம்பளை நீங்களே சொல்றப்ப நான் என்ன சொல்ல?” என்றார். அவருக்கு ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

ஏன் சொன்னேன்? பொறாமைதான், வேறு பெயர் வைத்துப் பயனில்லை. அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் நான் ‘ஒரே’ இல்லை. அதைவிடப் பெரிய பயம், இரண்டு வருஷத்தில் என் நாற்காலிக்கும் அவள் பொருத்தமாக இருப்பாள். இதோடு ஒரு வறட்டு நியாயமும் இருந்தது. நான் பட்டுத்தானே வந்தேன், அவளுக்கு மட்டும் எதற்குக் கஷ்டப்படாமல் கிடைக்க வேண்டும்? நான் பட்ட கஷ்டத்தைப் பரம்பரைச் சொத்து மாதிரி காத்துக்கொண்டிருந்தேன்.

‘வசதியின்மை காரணமாக’ என்று அவளுக்குக் கடிதம் போனது. அடுத்த நாள் முதலாளியைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம்தான் வந்தாள். சந்தேகப்பட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை. நம்பி வந்தாள்.

“எவன் இப்படி எழுதினான்னு தெரியலக்கா. நீங்க அந்த ரூம்ல இருந்திருந்தா விட்டிருக்க மாட்டீங்க.”

நான் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினேன். அடுக்கியிருந்ததையே மறுபடி அடுக்கினேன்.

“நானும் விடப்போறதில்ல. வசதி எதுவும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். ரெண்டு மாசம் தொடர்ந்து ரெண்டாவது ஷிப்ட் பாக்கிறேன், அப்புறம் முடிவு பண்ணட்டும்னு சொன்னேன். முதலாளி ஒத்துக்கிட்டாரு. நீங்க ரெண்டு வருஷம் இருந்தீங்களே, நான் ரெண்டு மாசம் இருக்க மாட்டேனா?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எப்படிக்கா சமாளிச்சீங்க? அத மட்டும் சொல்லிக் குடுங்க” என்று கேட்டாள்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். நான் ஆட்டினேன். “பன்னெண்டு மணிக்கு மேல தண்ணி குடிக்காத. தாகம் எடுத்தா வாய மட்டும் கொப்பளி. டீ தொடவே தொடாத. உக்காந்து எந்திரிக்காம நின்னுக்கிட்டே வேலை பாரு” என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். இதை எழுதும்போது அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆறு வாரம் பார்த்தாள். அந்த ஆறு வாரத்தில் அவள் ஷிப்டில் கட்டிய மோட்டார் ஒன்றுகூடச் சோதனையில் திரும்பவில்லை. ஓவன் பக்கம் நிற்கிற வேலை, ஆண்கள் தண்ணீர்க் குடத்தையே சுற்றிச் சுற்றி வருவார்கள். இவள் அந்தப் பக்கம் திரும்பமாட்டாள். உதடு வெடித்திருந்தது. மோட்டாரோடு பேசுவது நின்றுபோயிருந்தது, பேசினால் தாகம் எடுக்கும் என்று மற்றவர்களிடம் சொன்னாளாம். தினமும் நான் ஏழு மணி வரை அங்கேதான் இருந்தேன். பார்த்தேன். கூப்பிட்டுச் சாவியைக் கொடுக்க எத்தனை நாள், எத்தனை மணி நேரம் இருந்தது! கொடுத்தால் ‘உத்தரவு என்ன ஆச்சு?’ என்று கேட்பாளே என்று பயந்தேன். ஒரு பொய் வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு மனுஷியின் உடம்பை வாட விட்டேன்.

ஏழாவது வாரம் ஒரு சாயங்காலம், ஆறு மணி இருக்கும். ஓவன் பக்கம் ஏதோ விழுகிற சத்தம், கூச்சல். நான் அப்போதுதான் அந்தக் கதவைப் பூட்டிவிட்டு வந்துகொண்டிருந்தேன். ஓடிப்போய் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். நெற்றி கொதித்தது. என் கையில் கழுவின ஈரம் இன்னும் காயவில்லை.

கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார் டாக்டர். பதினோரு நாள் படுக்கை. அதற்குள் இன்சார்ஜ் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று. நான்கு வருஷத்துக்கு முன்னால் கம்பியைப் பிடிக்கவே அவளிடம் கற்றுக்கொண்ட ஒருவன். முதலாளி என்னைப் பாராட்டினார். “பாத்தீங்களா, நீங்க அன்னிக்கே சொன்னீங்க” என்றார்.

அந்தப் பாராட்டுக்குப் பிறகு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காவது நாள் அவள் வீட்டுக்குப் போனேன்.

மாடியில் இரண்டு அறை. ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், நான் தடுத்தேன். கல்லூரியில் படிக்கிற மகளிடம், “அக்காவுக்கு டீ போடுடி, நல்லா இஞ்சி தட்டிப் போடு” என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“உங்க உடம்பு வேறக்கா. ரெண்டு வருஷம் தாங்கியிருக்கீங்க. என்னால ரெண்டு மாசம் முடியல. எனக்கு அந்தத் தகுதி இல்ல, அவ்வளவுதான். இவகிட்டயும் சொல்லிட்டேன், மேல வரணும்னா வேலை தெரிஞ்சா மட்டும் பத்தாது, அக்கா மாதிரி உடம்பு வேணும்னு.”

அவளுக்குத் தகுதி இல்லையாம். அதை அவளே சொல்கிறாள், அதுவும் மகளுக்குச் சொல்லித் தருகிறாள். அதற்கு மேல் என்னால் உட்கார்ந்து கேட்க முடியவில்லை.

“அப்படி ஒரு உத்தரவே கிடையாது” என்றேன்.

“எந்த உத்தரவு?”

“சாவி எனக்கு மட்டும்தான்னு. யாரும் அப்படிச் சொல்லல. நான்தான் சொன்னேன்.”

நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று தெரிந்து மீதியையும் சொன்னேன். “வசதி இல்லன்னு முதலாளிகிட்ட சொன்னதும் நான்தான். அவரு உன்னப் போடத் தயாரா இருந்தாரு.”

உள்ளே இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, பிறகு என்னைப் பார்த்தாள்.

“நான் விழுந்த அன்னிக்குச் சாவி உங்ககிட்டதான் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“தண்ணி குடிக்காதன்னு நீங்க சொன்னப்பவும்?”

“அப்பவும்.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வாய் சாதாரண வாய் இல்லை. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால், வாங்கிக்கொண்டு அழுதிருப்பேன், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அதைக்கூட அவள் தரவில்லை. போர்வையை இழுத்துக் கால்வரை மூடிக்கொண்டு, உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“டீ வேணாம்டி. மேடம் கிளம்புறாங்க.”

இஞ்சி தட்டுகிற சத்தம் நின்றது. நான்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.