கடலுக்கு ஒரு பூட்டு

வாளியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டு, கன்னம் இரண்டும் உப்ப அலசி, கிணற்றடி வாழைக்குள் துப்புகிறார் மீனாம்பிகை. வீட்டுக்காரி சின்னத்தங்கம் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையைப்போல முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"கொஞ்சம் சவர் தட்டுது, பிள்ளை. மெஷின் போட்டு இறைக்கிறதைக் குறையுங்கோ."

போன கிழமை இதே தீர்ப்பைக் கேட்ட இன்னொரு வீட்டார் இன்னும் அவருடன் கதைப்பதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் குறை சொன்னாலும் பொறுப்பார்கள், கிணற்றைக் குறை சொன்னால் பொறுக்கமாட்டார்கள். அதற்காக உப்பைச் சீனி என்று சொல்ல அவருக்கு வராது.

ஐம்பதை நெருங்கும் இந்த அம்மா நீர்ப்பாசன இஞ்சினியர். ஆண்கள் ஓடும் சைக்கிளில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிப் போவார். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்பது அவருடைய கட்சி. கூடப் படித்தவர்கள் லண்டனிலும் கனடாவிலும் பாலம் கட்டுகிறார்கள். நீங்களும் போயிருக்கலாமே என்று யாராவது வாயைக் கொடுத்தால், "போகலாம்தான். இஞ்சை பலகையளை ஆர் இறக்கிறது?" என்று கேட்பார்.

பலகை என்றால் அணைப் பலகை. தொண்டைமானாற்றுக்கு அப்பால், கடனீரேரியின் கிளையொன்று கடலைத் தொடும் இடத்தில் சிறிய தடுப்பணை ஒன்று இருக்கிறது. மாரி மழைக்குப் பலகைகளைத் தூக்கி வெள்ளத்தைக் கடலுக்கு விடவேண்டும். மழை ஓயும் நேரம் பார்த்துத் திரும்ப இறக்கவேண்டும். முந்தினால் வயல் அழுகும். பிந்தினால் நல்ல தண்ணீர் போய், அந்த இடத்துக்குக் கடல் வரும். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல்லுக்குள் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் ஒருமுறை உள்ளே வந்தால் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் உப்புத்தான்.

தொண்ணூற்றோராம் ஆண்டுச் சண்டையில் அந்த அணையின் தூண் ஒன்றை ஷெல் உடைத்தது. அரசாங்கம் எங்கள் பக்கம் எதையும் விடவில்லை: சீமெந்துக்குத் தடை, இரும்புக்குத் தடை, டீசலுக்கும் தடை. "சீமெந்து வரட்டும் எண்டு கடல் பாத்துக்கொண்டு நிக்குமே?" என்று கேட்டுவிட்டு, பனங்குற்றியையும் மண் நிரப்பிய உரப்பைகளையும் களிமண்ணையும் கொண்டே தூணை நிமிர்த்தினார். குண்டு போடும் பொம்மர் வந்து சுற்றியபோது வேலையாட்கள் தாழைக்குள் ஓடினார்கள். அவர் களியை மிதித்தபடியே அண்ணாந்து பார்த்து, "உவனுக்கு வேறை வேலையில்லை. எங்களுக்குக் கிடக்கு" என்றாராம். கோபம் வந்துவிட்டால் அவருக்குப் பயம் வராது.

அடுத்த தை பிறந்தது. மழை ஓய்ந்தது. பலகை இறக்கப் போனால், அணையின் நடு மதகுக் கண்ணுக்குரியவற்றைக் காணவில்லை. விசாரித்ததில் அவை தோட்டம் செய்யும் பஞ்சலிங்கத்தின் வளவில் இருப்பது தெரிந்தது. ஊரையே உப்பாக்கப் பார்த்தானே என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

பலகைகள், ஷெல்லடிக்குப் பதுங்க வெட்டிய பங்கருக்குக் கூரையாகக் கிடந்தன. உள்ளே பஞ்சலிங்கத்தின் குழந்தைகள் சிப்பிகளையும் சிரட்டைகளையும் பரப்பி வைத்துச் சோறு காய்ச்சி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பஞ்சலிங்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கழட்டித் தாறன், அக்கா" என்றான்.

கொண்டுவந்த திட்டில் பாதி இன்னும் வாயில் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு, கூரையில் ஏறி நின்று காலால் மிதித்துப் பார்த்தார். "இன்னும் ரண்டு அடுக்கு உரப்பை போடு, தம்பி. உது ஷெல்லுக்குக் காணாது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

அவருடையது சீதன வீடு. முன்வாசலில் இருந்தது தகப்பன் வேம்பில் செய்வித்த இரட்டைக் கதவு, பித்தளைக் குமிழும் வளையமும் வைத்தது. அளவுநாடாவை அதில் பிடித்துப் பார்த்தார். பிறகு கதவைக் கழற்றக் குறடு எடுத்தார்.

"இஞ்சருங்கோ, மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ."

கணவர் சண்முகநாதன் நெல்லியடியில் வாத்தியார், நிதானமான மனிதர். "கதவில்லாட்டிக் களவு போகாதே, மீனா?"

"கிணறு உப்பானாப் பிறகு களவெடுக்க என்ன கிடக்கு?"

அவர் மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

விடிய, யாரும் கேட்காமலே பஞ்சலிங்கம் மாட்டு வண்டிலைக் கொண்டுவந்து படலையடியில் நிறுத்தியிருந்தான். முகத்தை மட்டும் மற்றப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். அணையில் கதவுகளைச் சரித்து, ஒன்றின்மேல் ஒன்றாகத் தூண்களில் பலகைக்கென்று விட்ட காடிக்குள் இறக்கி, இடுக்கெல்லாம் களி அப்பினார்கள். கடல் வந்து தள்ளியது. தள்ளத் தள்ளக் கதவுகள் தூணோடு இன்னும் இறுகின. வேலை முடிந்ததென்று எல்லோரும் கரையேறினார்கள்.

மீனாம்பிகை மட்டும் திரும்பிப் போனார். மேற்கதவின் வளையத்துக்குள்ளால் சங்கிலியை விட்டுத் தூணைச் சுற்றினார். பையிலிருந்து வீட்டு ஆமைப்பூட்டை எடுத்துப் பூட்டினார். பயணம் போகிறவர் செய்வதுபோல இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.