பதினான்கு கண்கள்

பொன்னையாவைப் பற்றிச் சொல்வதென்றால் நான் சொன்ன பொய் ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் நான் ஸ்டோர் கீப்பர். பெயர் பாறூக். ஒரு கரண்டி குறைந்தாலும் சமையலறையையே தலைகீழாக்கிவிடுவேன் என்று என்னைக் கேலி பண்ணுவார்கள். அப்படிப்பட்டவன் பொய் சொல்லப் போனால் எங்கே போய் முடியும் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2006ஆம் ஆண்டு எங்கள் ஹோட்டலில் ஹென்ரிக் என்ற டென்மார்க்காரர் மாதக்கணக்கில் தங்கியிருந்தார். குளம் திருத்துகிற வேலைக்கு வந்த எஞ்சினியர், ஐம்பது வயது மனிதர். வெள்ளிக்கிழமை பின்னேரமானால் கூட வேலை செய்யும் இரண்டு வெள்ளைக்காரர்களைக் கூப்பிட்டு வைத்து, மேசை முழுக்கப் பூதப் பொம்மைகளைப் பரப்பி விளையாடுவார். இருபது பக்கம் உள்ள தாயக்கட்டையை உருட்டுவார்கள். அடிமட்டம் வைத்துத் தூரம் அளப்பார்கள். மூன்று பெரிய மனிதர்கள் ஒரு பொம்மையின் இறக்கை அடுத்த பொம்மையைத் தொட்டதா இல்லையா என்று அரை மணி நேரம் வாதாடுவார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அந்தப் பூதங்கள் பெட்டியில் வரும்போது சாம்பல் நிறத் துண்டுகளாக இருக்கும். கை வேறு, கால் வேறு, கொம்பு வேறு. அவற்றை ஒட்டி, வர்ணம் பூசி, கடைசியில் ஒரு வட்டப் பலகையில் நிறுத்தி, பூதம் வாழ்கிற இடத்தையும் அந்தப் பலகையிலேயே செய்ய வேண்டும். மண், பாறை, புல் எல்லாம். ஹென்ரிக் இதையெல்லாம் தானே செய்கிறவர். அந்த வருடம் கலேவெலப் பக்கம் ஒரு குளக்கட்டில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். டிசம்பரில் ஊரிலிருந்து பழைய சிநேகிதர்கள் விளையாட வருகிறார்களாம். அதற்குள் மூன்று பெரிய பூதங்கள் தயாராக வேண்டும். யாராவது இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டார். நான் யோசிக்காமல் பொன்னையாவின் பெயரைச் சொன்னேன்.

பொன்னையா மாத்தளை டவுனில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் எழுத்து எழுதுகிறவர். எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் அவருடைய சின்னக் கடையை எரித்தார்கள். அடுத்த மாதமே ஒரு கராஜின் மூலையில் தூரிகையோடு உட்கார்ந்துவிட்டார். தமிழ் லொறிக்கு 'முருகன் துணை', சிங்கள லொறிக்கு 'புதுசரணை', எங்கள் ஆட்களின் லொறிக்கு அறபு எழுத்து. அறபு அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அவர் எழுதினால் பள்ளிவாசல் ஹஸ்ரத்தே நின்று பார்த்துவிட்டுப் போவார். கோயில் கோபுரத்தில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

முதலில் மாட்டுத்தலை ராட்சதனையும் இறக்கை வைத்த முதலை மாதிரி ஒன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராட்சதனின் தலைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் ஆட்களை அவர் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"இது நல்லதா கெட்டதா நானா?"

"எனக்கெப்பிடித் தெரியும்? விளையாட்டுச் சாமான்."

"பெரிய மனுசனா வெளையாடுறாரு?"

"ஓம்."

"சரி," என்றார். முகத்தைப் பார்த்தால் சரியென்று படவில்லை.

ஆனால் வேலை என்றால் அது வேலை. பலகைக்குச் சுதுகங்கை மணல் சலித்துப் போட்டார். கறுவாப்பட்டைச் சீவலை அடுக்கி விழுந்த மரம் செய்தார். கராம்பு மொட்டுகளைத் தலைகீழாகக் குத்தி வெட்டிய அடிமரங்களாக்கினார். தும்புத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல். பாறை இடுக்கில் சாதிபத்திரியைக் கிழித்து ஒட்டினார். பார்த்தால் நெருப்பு எரிகிற மாதிரியே இருந்தது. ஹென்ரிக் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் கேட்டார், ஏன் இரண்டுக்கும் கண் இல்லை?

உண்மைதான். கண் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. நான் பொன்னையாவிடம் போய்க் கேட்டேன்.

"கண்ணு நம்ம வேல இல்லீங்க," என்றார். "கோபுரத்துல ஒடம்பு, சேல, நக எல்லாம் நான் பூசுவேன். கண்ணு மட்டும் இந்தியாவுலருந்து ஸ்தபதி வந்து, நேரம் பாத்துத் தெறப்பாரு. தெறந்துட்டா அப்புறம் அது பொம்ம இல்ல."

"இது கோயில் சாமான் இல்லையே அண்ணே."

"அது நீங்க சொல்றது. இதுக்குத் தெரியுமா?"

டென்மார்க்காரரிடம் இதை இங்கிலீஷில் எப்படி விளக்க? கண்ணுக்கான விசேஷ வர்ணம் கொழும்பிலிருந்து வர வேண்டும், மூன்றுக்கும் கடைசியில் ஒன்றாக வைப்பார் என்று சொல்லிவிட்டேன். அதுதான் அந்தப் பொய்.

மூன்றாவது பூதம் ஏழுதலைப் பாம்பு. ஒரு சாண் உயரம். ஏழு கழுத்தும் ஏழு பக்கம் வளைந்து நிற்கும். அதை அவர் வீட்டில் வைத்து ஒட்டி நிறுத்திய அன்று நானும் இருந்தேன். பொன்னையாவின் மனைவி நல்லம்மா தேத்தண்ணீரோடு வந்தவர், தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

அவர்களுடைய ஒரே மகன் மோகனராஜ். கொழும்பில் ஒரு போன் கடையில் வேலை செய்தவன். செப்டம்பரில் அவன் தங்கியிருந்த லொட்ஜை ஆமி சுற்றி வளைத்துப் பிடித்துக்கொண்டு போன ஆட்களில் அவனும் ஒருவன். அதற்குப் பிறகு எங்கே என்று யாருக்கும் தெரியாது. பொன்னையாவும் நல்லம்மாவும் ஏறாத படியில்லை. மற்றப் பேச்செல்லாம் பேசுவார்கள், சிரிக்கவும் சிரிப்பார்கள். ஆனால் கேட் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். அதைப் பார்க்க எனக்கு ஏலாது.

"நாகம்மா தானா வந்திருக்கா," என்றார் நல்லம்மா.

"அக்கா, இது வெளிநாட்டுச் சாமான். விளையாட…"

"வரட்டுமே. எந்த ரூபத்துல வந்தா என்னா?"

அடுத்த நாள் காலையில் பாம்பின் முன்னால் ஒரு கோப்பை பால் வைத்தாராம். அன்று பின்னேரமே, தடுப்பு முகாமிலிருந்து விடுதலையாகி வந்த ஓர் ஆள் வீடு தேடி வந்தான். மோகனராஜ் உயிரோடு இருக்கிறான், தாடி வளர்ந்திருக்கிறது, அம்மாவிடம் சொல்லச் சொன்னான் என்றான். இரண்டு மாதத்தில் வந்த முதல் சேதி அதுதான்.

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. எங்கள் மார்க்கத்தில் இதற்கு இடமும் இல்லை. இருந்தாலும் அந்தச் சேதியைக் கேட்டு நானும் அழுதேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். பால் கோப்பையைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் ஹென்ரிக் நாளுக்கு இரண்டு தரம் பாம்பைக் கேட்கத் தொடங்கினார். கொழும்பு வர்ணம் வந்துவிட்டதா என்றும் கேட்டார். நல்லம்மா ஒரே பிடியாக நின்றார். கண்ணைத் திறக்க வேண்டும், மகன் வரும்வரை நாகம்மா வீட்டில் இருக்க வேண்டும். கண் இல்லாதவளே ஒரு நாளில் சேதி கொண்டுவந்தாள் என்றால், கண் திறந்தால் பிள்ளையையே கொண்டுவந்து விடமாட்டாளா என்பது அவருடைய கணக்கு.

கடைசியில் பொன்னையா என்னைக் கராஜுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"இன்னொன்னு செய்றேன் நானா. கம்பி கட்டி, பஸ் தகட்டுல பள்ளம் அடைக்கப் பூசுற பட்டிப் பசையிலேயே செஞ்சிர்றேன். வெள்ளக்காரருக்கு அது. வீட்டுல இது."

"அண்ணே, அது களவு."

"ஆமா," என்றார் பொன்னையா. "தெரியாமயா கேக்குறேன்?"

கரண்டி எண்ணுகிற நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூன்று வாரத்தில் இரண்டாவது பாம்பு எழுந்தது. பலகை, கராம்பு, கறுவா, எல்லாம் இரண்டு இரண்டு. பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை விடியக் குளித்து, சாப்பிடாமல், கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி தோளுக்குப் பின்னால் கையை நீட்டி, அசல் பாம்புக்குப் பதினான்கு கண்ணையும் திறந்தாராம். ஸ்தபதியிடம் பார்த்தது பாதி, பௌத்தப் பன்சலையில் சித்திரக்காரர் செய்யப் பார்த்தது பாதி. மற்றதற்குச் சும்மா தூரிகையால் புள்ளி வைத்தார். முப்பது வருடம் தொடாத வேலையை மகனுக்காகச் செய்துவிட்டு, இரண்டு நாள் கராஜ் பக்கமே வரவில்லை.

நான் எடுக்கப் போன அன்று இரண்டு பாம்பும் பேப்பர் சுற்றி மேசையில் இருந்தன. பொன்னையா பெரிய பஸ் ஒன்றின் நெற்றியில் ஏறி எழுதிக்கொண்டிருந்தார். "கைக்குக் கிட்ட இருக்கிறது ஒங்களது," என்று மேலே இருந்தே சொன்னார். எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

நாவுலையில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். ஒரு இளம் சிப்பாய் பொதியைப் பிரித்தான். ஏழு தலையையும் பார்த்துவிட்டுத் துவக்கை முதுகுப் பக்கம் தள்ளினான். கண் திறந்ததா என்று சிங்களத்தில் கேட்டான். இல்லை, வெறும் பொம்மை என்றேன். அவன் என்னை நம்பாத மாதிரி பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் பேப்பரைச் சுற்றித் தந்தான்.

ஹோட்டலில் ஹென்ரிக் அதைக் கையில் வாங்கியதும் சிநேகிதர்களிடம் குப்புறப் பிடித்துக் காட்டினார். வாலடியில், பெட்டியைத் திறந்த அன்றே தான் ஊசியால் கீறி வைத்த தன் பெயரின் முதலெழுத்து. பட்டிப் பாம்பில் அந்தக் கீறல் இருக்க வழியில்லை. நான் பொதியை மாற்றி எடுத்து வந்துவிட்டேன்.

அன்றைய விளையாட்டில் மூன்றாவது சுற்றிலேயே பாம்பு செத்தது. யாரோ இருபது போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். ஹென்ரிக் அதை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தார். பதினான்கு கண்ணும் என்னைப் பார்த்தபடி கிடந்தன. அஸ்தஃபிருல்லாஹ் என்று சொல்லிக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விட்டேன். மற்ற இரண்டுக்கும் டென்மார்க் சிநேகிதர் ஒருவர் கண் வைத்தார். மாட்டுத்தலைக்கு ஒன்றரைக் கண்ணாகத்தான் வந்தது.

ஹென்ரிக் அடுத்த வருடம் பூதங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஊருக்குப் போனார். மோகனராஜ் வரவில்லை. இன்னொரு சேதியும் வரவில்லை. 2007 போயிற்று, 2008 போயிற்று. நல்லம்மா பட்டிப் பாம்புக்கு நாள் தவறாமல் பால் வைத்தார். நான் அந்த வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். பிழை என்னுடையது என்று நெஞ்சு சொல்லும். பொம்மைக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று புத்தி சொல்லும். இரண்டுக்கும் நடுவில் இரண்டரை வருடம் தூக்கம் கெட்டேன்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. இனி வருவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆகஸ்ட் வரைக்கும் அவன் வரவில்லை. ஒருநாள் என் மனைவி மஸீனா சந்தையில் நல்லம்மாவைக் கண்டுவிட்டு வந்தாள்.

"பாவம் அந்த மனிசி. 'நாகம்மா என் பக்கம் திரும்பவே மாட்டேங்கிறா'ன்னு அழுவுது," என்றாள். அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க கொண்டு போனது. நீங்களே போய்ச் சொல்லுங்க," என்றாள்.

பொன்னையா ஒரு லொறிக் கதவில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்தேன். மாறிப்போனதையும் சொன்னேன், விளையாட்டில் அது செத்ததையும் சொன்னேன். அவர் கடைசி இலக்கத்தை எழுதி முடித்து, தூரிகையைத் துடைத்தார்.

"தெரியும் நானா. அத ஒங்க கைக்குக் கிட்ட வச்சதே நான்தான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இரண்டரை வருசமா நான் படுற பாடு…"

"கண்ணத் தெறந்த பொறவுதான் பயந்துட்டேன்," என்றார். "அவ தெனமும் கேப்பா. புள்ளையக் குடுக்கலன்னா? சாமி கண்ணத் தெறந்து பாத்துக்கிட்டே சும்மா இருந்துச்சின்னு ஆயிரும். அதுக்கப்புறம் அவ யாருகிட்ட போவா? அதான் வெறும் பொம்மைய அவகிட்ட விட்டேன். பொம்ம குடுக்கலன்னா பொம்மைதானே. நெசமானது வேற எடத்துல இருக்கு, இன்னும் அதுகிட்ட கேக்கவே இல்லன்னு என்னைக்காவது சொல்லலாமுல்ல?"

துடைத்த தூரிகையையே அவர் மறுபடியும் துடைத்தார்.

"நேத்து ராத்திரி பாலக் கீழ ஊத்திட்டு அவ கோப்பையக் கழுவி அலுமாரியில வச்சிட்டா. இனி வைக்கமாட்டாளாம்." அவர் வர்ண டப்பாவை மூடினார். "இன்னைக்குச் சொல்லிரணும். அந்த வெள்ளக்காரரு அட்ரஸ் இருக்கா?"

இருந்தது. கராஜ் மேசையிலேயே உட்கார்ந்தோம். திருப்பித் தரச் சொல்லிக் கேட்கட்டுமா என்றேன். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும், இனிமேல் அதைச் சாகடிக்க வேண்டாம் என்று மட்டும் எழுதச் சொன்னார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். அன்புள்ள ஐயா, ஏழுதலைப் பாம்பைத் தயவுசெய்து இனி விளையாட்டில் கொல்ல வேண்டாம். அதை எங்கள் பக்கம் பார்க்க வையுங்கள். இங்கே ஒரு தாய் தன் மகனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மகனின் பெயர்…

அந்த இடத்தில் பொன்னையா பேனாவை வாங்கிக்கொண்டார். "பேர நான் எழுதுறேன்," என்றார். பஸ் நெற்றியில் எழுதுகிற மாதிரி மேலும் கீழும் கோடு போட்டு, இடைவெளி அளந்து, ஒவ்வொரு எழுத்தாக இங்கிலீஷில் மோகனராஜ் என்று எழுதினார். மை காயும்வரை கடிதத்தை மடிக்க விடவில்லை.