வெற்றிலை போட்ட வாய்

பள்ளிமுனையில் றஞ்சிதத்தோடு கதைத்து வெல்ல ஆளில்லை. மீன் விலையில் விட்டுக்கொடுக்கமாட்டாள். சுவாமியாரின் பிரசங்கம் நீண்டால் செருமிக் காட்டுவாள். அப்படிப்பட்டவள் ஞாயிறு பூசை முடிந்ததும் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய், தலைவாரி, கதிரையை இழுத்துப் போட்டுக் காத்திருப்பாள்.

அகஸ்ரினா வருவாள். வெளிநாடுகளுக்குத் தத்துப் போனவர்களுக்குப் பெற்றவர்களைத் தேடிக்கொடுக்கும் சங்கமொன்றில் வேலை செய்பவள். அவளுடைய போனில் நெதர்லாந்திலிருந்து மரியான் முகம் காட்டுவாள். "அம்மா" என்பாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். மிச்சத்தை அகஸ்ரினா மொழிபெயர்ப்பாள்.

கலியாணமாகாத வயதில், கொழும்பில் வீட்டுவேலைக்குப் போன இடத்தில் றஞ்சிதத்துக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. வெள்ளைக்காரர் நன்றாக வளர்ப்பார்கள் என்று யாரோ ஒருத்தி தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஊர் திரும்பிய றஞ்சிதம் பிறகு யாரையும் கட்டவில்லை. மரியானின் பத்திரங்களில் இருந்த பெயரும் ஊரும் இவளோடு பொருந்தின. ஆனால் தத்துக் கொடுத்தவர்கள் பொய்ப் பெயர்களும் எழுதியதுண்டு; பத்திரங்களை மட்டும் வைத்து நம்ப முடியாது. இரண்டுபேரின் எச்சிலையும் சோதித்தால்தான் நிச்சயம்.

அதற்கு அரைமணி நேரம் வாயில் எதுவும் போடக்கூடாது. அகஸ்ரினா எச்சில் பிடிக்கும் குழாயோடு வந்த முதல்நாள் றஞ்சிதத்தின் வாய் வெற்றிலையில் சிவந்திருந்தது. மறதியாம். பொறுத்திருக்கச் சொன்னால், அதற்குள் இன்னொரு வாய் போட்டுவிட்டாள். அடுத்தமுறையும் அதே கதை. மூன்றாம் முறை அகஸ்ரினாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னக்கா, விளையாடுறீங்களோ? மரியான் அங்க முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறா."

"இல்லையெண்டு வந்தா?" றஞ்சிதம் கேட்டாள். "இப்ப எனக்கொரு பிள்ளை இருக்கு. கிழமைக்கு ஒருக்காவெண்டாலும் அம்மா எண்டு கூப்பிட ஒரு ஆள் இருக்கு."

அகஸ்ரினாவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"நீங்கள் இல்லையெண்டா, அவவைப் பெத்தவ வேற எங்கயோ இருப்பாதானே அக்கா. உங்களை மாதிரியே தனிய."

றஞ்சிதம் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. அந்த முகம் தெரியாதவள்மீது முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு பாவமாக இருந்தது. எழுந்து கிணற்றடிக்குப் போய், சிவப்புப் போகுமட்டும் வாய் கொப்பளித்தாள். வெற்றிலைத் தட்டத்தை அகஸ்ரினாவின் மடியில் வைத்துவிட்டு அரைமணி நேரம் பேசாமல் இருந்தாள். அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை ஊரில் யாரும் கண்டதில்லை. பிறகு குழாயை வாங்கித் துப்பினாள்.

அகஸ்ரினா மூடியை இறுக்கிக்கொண்டு புறப்பட்டாள். படலைவரை வந்த றஞ்சிதம் அவளுடைய கையைப் பிடித்தாள்.

"முடிவு வர எவ்வளவு காலம் செல்லும்?"

"ஒண்டு, ஒண்டரை மாதம் செல்லும் அக்கா."

"அதுவரைக்கும் ஞாயிறு கதைக்கலாம்தானே?"