கோல்கீப்பரின் புருஷன்

பயப்படுவதற்கென்றே பிறந்தவன் என்று வீட்டில் அவனைச் சொல்வார்கள். லிஃப்ட் மெக்கானிக். கயிறு அறுந்தால் என்ன ஆகும், பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாக் கெட்டதையும் முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பதுதான் அந்தத் தொழில். அதனால் வேலையிடத்தில் அவனுக்கு நல்ல பெயர். அதையே வீட்டிலும் செய்வான் என்பதுதான் தொல்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருவான். மகள் இரண்டு முறை தும்மினால் அவனுக்குத் தூக்கம் போய்விடும்.

அவனுக்கு வாய்த்த மனைவி நேர் எதிர். பெண்கள் கால்பந்து லீக்கில் கோல்கீப்பர். பாய்ந்து வரும் பந்துக்கு முகத்தைக் காட்டி நிற்கிறவள். ரசிகர்கள் அவளைச் ‘சுவர்’ என்பார்கள். எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தால் சுவரின் புருஷன் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவான். கூட்டம் போடுகிற கூச்சலை வைத்துத்தான் பந்து உள்ளே போனதா இல்லையா என்று தெரிந்துகொள்வான்.

அன்றைக்கு ஆட்டத்துக்கு அவன் போகவில்லை. வீட்டில் டி.வி.யைப் போட்டுவிட்டு மகளின் பள்ளிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அணி ஜெயித்தது. மைக்கை நீட்டியவரிடம் அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: “இந்த சீசன்ல எனக்கு வர்ற சம்பளம் முழுக்க ஆலைக் குடியிருப்பு ஜனங்களோட கேஸுக்குக் கொடுக்கிறேன். நல்ல வக்கீலா வச்சுக்கட்டும்.”

சட்டைக் காலர் கருகிய வாடை வந்த பிறகுதான் அவன் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கினான்.

மூடிக் கிடக்கும் ஆலைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குடியிருப்பை ஒரு கட்டுமானக் கம்பெனி வாங்கியிருந்தது. ஜனங்கள் காலி செய்ய மறுத்தார்கள். கம்பெனி ஆட்கள் வந்து வீட்டுக்கு வீடு கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தினமும் காலையில் அந்த வழியாக ஓடுகிறவள், வாசலில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டுக் குடித்தனம் நடத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். இதில் வேடிக்கை, அவள் போட்டிருந்த சட்டையின் நெஞ்சில் பெரிய எழுத்தில் இருந்தது அதே கம்பெனியின் பெயர்தான். அணிக்குப் படியளப்பதே அவர்கள்தான்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றான் அவள் வந்ததும்.

“சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க.”

“ஆமா, சொல்லியிருப்பேன்.”

“அதான் சொல்லல.”

பணம் போனதுகூட அவனுக்குப் பெரிதாகப்படவில்லை. அவன் சம்பளத்தில் இழுத்துப் பிடித்து ஓட்டிவிடலாம். யானை வாலை மிதித்துவிட்டு வந்து இவள் கால் கழுவிக்கொண்டிருக்கிறாளே என்பதுதான் அவன் கவலை. அடுத்த ஆட்டத்தில் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதற்கடுத்த ஆட்டத்திலும் அதேதான். தெரியாத எண்ணிலிருந்து போன் வரும். எடுத்தால் பேச மாட்டார்கள், மூச்சு மட்டும் கேட்கும். எதிர் ஃப்ளாட்காரர், “உங்க வீட்டம்மாவுக்குத் தைரியம் ஜாஸ்திங்க” என்றார். அது பாராட்டா எச்சரிக்கையா என்று அவன் ஒரு நாள் முழுக்க யோசித்தான்.

பிறகு அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று அவனை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் லிஃப்ட் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. மேல்தளத்தில் மேனேஜர் காத்திருந்தார். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார்.

“உங்க வீட்டம்மா நல்ல பிளேயர் தம்பி. ஏதோ உணர்ச்சிவசப்பட்டுப் பேசிட்டாங்க. விஷயம் தெரியாம சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மறுபடியும் ஆடட்டும். நீங்க பொறுப்பான ஆளு. நீங்க சொன்னா கேப்பாங்க.”

நான் சொல்லி அவள் எதைக் கேட்டிருக்கிறாள் என்று சிரிக்கலாம்போல இருந்தது. ஆனால் மேனேஜர் கேட்டதைத்தான் அவனும் மனதார விரும்பினான். சரி என்று சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் அவர் கதவு வரை கூட வந்து தோளில் கை வைத்தார். “பொண்ணு இப்பவும் ஸ்கூல் பின்பக்க கேட் வழியாத்தான் வெளிய வருதா? அந்தப் பக்கம் லாரி நடமாட்டம் ஜாஸ்தி. பாத்துக்கங்க.”

அவன் லிஃப்டில் இறங்கவில்லை. படி வழியாக இறங்கினான், கைப்பிடியை விடாமல். நேரே பள்ளிக்குப் போய்ப் பின்பக்க கேட்டில் நின்றான். “ஏன்ப்பா வந்தே? ஏன் இப்படி வேர்த்திருக்கு?” என்று கேட்ட மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பயிற்சி மைதானத்துக்குப் போனான். மகளைப் பந்து பொறுக்கச் சொல்லித் தள்ளி அனுப்பிவிட்டு நடந்ததை மனைவியிடம் சொன்னான்.

அவள் கையுறையைக்கூடக் கழற்றாமல் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் வெளுத்து அவன் பார்த்தது அன்றைக்குத்தான்.

“சொன்னதை நாளைக்கே வாபஸ் வாங்கிடறேன்” என்றாள்.

இத்தனை நாள் அவன் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. “வேண்டாம்” என்றான்.

“என்ன சொல்றீங்க? அவ சின்னக் குழந்தைங்க.”

“நீ வாபஸ் வாங்கிட்டா மட்டும், பொண்ணு எந்த கேட்ல வர்றான்னு அவனுக்கு மறந்துடுமா? இன்னைக்கு இது பலிச்சுதுன்னா நாளைக்கு வேற ஒண்ணுக்கு இதையேதான் சொல்வான்.” பந்து பொறுக்கிக்கொண்டிருந்த மகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். “எனக்குப் பயந்து பழக்கம். உனக்குப் புதுசு, அதான் தடுமாறுற. நான் சொல்றதைக் கேளு. வக்கீலைப் போய்ப் பாக்கலாம்.”

அன்று மாலையே குடியிருப்பு ஜனங்களின் வக்கீல் சொல்லச் சொல்ல அவன் புகார் எழுதினான். போலீஸ் அதை வாங்க இழுத்தடித்தது. மகளை அத்தை வீட்டுக்கு அனுப்பி வேறு பாதையில் பள்ளிக்குக் கூட்டிப்போனார்கள். போகிற வழியெல்லாம் ஒவ்வொரு லாரியையும் அவன் முறைத்துக்கொண்டே போனான். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளையும் அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கழித்தான். கன்னம் ஒட்டிப்போயிற்று.

சீசன் முடிந்ததும் அணி அவளைக் கழற்றிவிட்டது. இப்போது தூரத்து ஊர் ஒன்றின் சின்ன அணிக்கு ஆடுகிறாள், பாதிச் சம்பளத்துக்கு. வாரக் கடைசியில் பஸ் பிடித்துப் போய் வருகிறாள். பஸ் டிரைவர் தூங்கிவிடுவாரோ என்பது அவனுடைய புதுக் கவலை.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் தீர்ப்பு வரும்வரை யாரையும் வெளியேற்றக்கூடாது, கழற்றிய கதவுகளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. கம்பெனிக்காரர்கள் எல்லாக் கதவையும் லாரியில் கொண்டுவந்து குவியலாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். எது யார் வீட்டுக் கதவு என்று தெரியாமல் ஒரே சண்டை. “பச்சை என்னுது”, “எல்லாமே பச்சைதான்டி” என்று இரண்டு பெண்கள் ஒரே கதவை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்தார்கள்.

விடுமுறை நாளில் அவனும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். கீல் மாட்டினான், பொருந்தாததை இழைத்துச் சரிசெய்தான். மனைவி மறுபக்கம் நின்று கதவைத் தாங்கிப் பிடித்தாள். ஒரு வீட்டுக்காரம்மா, கதவு நின்றதும் நன்றிகூடச் சொல்லாமல் உள்ளே போய்ச் சாத்தித் தாழ்போட்டுக்கொண்டாள். வெகு நேரம் திறக்கவில்லை.

“உள்ள என்ன பண்றாங்க? மயக்கம் கியக்கம் போட்டுட்டாங்களோ?” என்றான் அவன்.

“சும்மா இருங்க” என்றாள் மனைவி. “குளிக்கிறாங்க. தண்ணி ஊத்துற சத்தம் கேக்குது.”